கொழும்புப் பல்கனிக்குச் சாடி மண்: காற்று முதலில், உரம் பிறகு

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: கடையில் வாங்கிய சாடி மண் இரண்டே மாதத்தில் சீமெந்துபோல இறுகிவிட்டது, மிளகாய்க் கன்றுகள் மஞ்சளித்து நிற்கின்றன, இரசாயனம் சேர்க்காமல், இயற்கையாகக் கிடைப்பவற்றைக் கொண்டு வீட்டிலேயே மண் கலப்பது எப்படி, என்ன விகிதம்?

விகிதத்தைத் தருகிறேன், தங்கச்சி. அதற்கு முன் சமையலறையில் ஒரு சின்ன வேலை. பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் எடுத்து, கழுவுதொட்டிக்கு மேலே படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுங்கள். நின்றதும் அதே பஞ்சை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள். வற்றிவிட்டது என்று நினைத்த பஞ்சிலிருந்து மறுபடியும் தண்ணீர் ஓடும். ஆனாலும் அடிப்பக்கம் மட்டும் கடைசிவரை ஊறியே இருக்கும். அழுத்திப் பார்த்தால் தெரியும்.

சாடிக்குள்ளும் இதுவே நடக்கிறது. எத்தனை துளை போட்டாலும் அடியில் ஒரு பட்டை மண் தண்ணீர் நிறைந்தே நிற்கும். அந்தப் பட்டை எவ்வளவு உயரம் ஏறும் என்பதை மண்ணின் துகள்தான் தீர்மானிக்கிறது. மாவுபோன்ற மண்ணில் அது பல அங்குலம் ஏறிவிடும். பருபருப்பான கலவையில் அடியோடு அடங்கிவிடும். தோட்டத்தில் கீழே பல அடி மண் இருக்கிறது. அது தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. எட்டு அங்குலச் சாடிக்குக் கீழே அப்படி இழுக்க எதுவும் இல்லை. அதனால்தான் தோட்டத்தில் அருமையாக இருந்த மண், சாடிக்குள் வந்ததும் வேரை மூழ்கடிக்கிறது.

அடியில் இரண்டு அங்குலம் சரளைக்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். வடியாது. ஈரப்பட்டை அப்படியே சரளைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த இடமும் குறையும். துளை வழியாக மண் வழிந்து போகாமல் இருக்க ஓர் ஓட்டுத் துண்டோ ஒரு பிடி தும்போ போதும்.

எனக்கு இது விளங்க ஓர் ஐப்பசி மாதமும் பதினொரு கத்தரிக் கன்றுகளும் செலவாயின. அப்பாவுக்கு யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத் தோட்டம். செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். இரவெல்லாம் மழை கொட்டினாலும் காலையில் காலில் சேறு ஒட்டாமல் நடந்து வரலாம். பூவரசங் குழை தாழ்த்துவார், ஆட்டுப்பட்டி அடைப்பார், எருவை வண்டி வண்டியாகக் கொட்டுவார். அந்த மண் எத்தனை போட்டாலும் தின்னும். அதே கையோடு கொழும்புக்கு வந்து, தெஹிவளையில் மொட்டைமாடிச் சாடிகளைச் செம்மண்ணாலும் எருவாலும் நிரப்பினேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை என்று இரண்டு முறை வந்து அடிக்கும். அந்த இரண்டாவது மழையில்தான் என் கத்தரிகள் போயின. சாடியைக் கவிழ்த்தபோது வேர் பழுப்பாகி, கூழ் முட்டை நாற்றம் அடித்தது. எரு போதவில்லை என்று எண்ணி அதற்கு முந்தைய வாரம்தான் இன்னும் இரண்டு பிடி போட்டிருந்தேன்.

ஆகவே கொழும்பில் சாடி மண் கலப்பவர் முதலில் காற்றைக் கலக்க வேண்டும். காற்றுக்கு இடம் கொடுப்பவை நம்மிடம் இரண்டு இருக்கின்றன: தும்புச்சோறும் உமிக்கரியும். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பீற் பாசியும், பேர்லைற் என்னும் பொரித்த எரிமலைக்கல் துகளும் நமக்குத் தேவையில்லை. உண்மையில், சதுப்பு நிலங்களைத் தோண்டிப் பீற் எடுப்பது கூடாது என்று எண்ணும் ஐரோப்பியத் தோட்டக்காரர் இன்று அதற்குப் பதிலாக வாங்குவது நம் நாட்டுத் தும்புச்சோற்றுக் கட்டிகளைத்தான். நாமோ பேர்லைற் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

தும்புச்சோறு தேங்காய் மட்டையில் தும்பைப் பிரித்தபின் மிஞ்சும் தூள். ஐந்து கிலோ அழுத்திய கட்டி ஒன்றை ஊறவைத்தால் அறுபது, எழுபது லீற்றருக்கு ஊதிவரும். தொடர்மாடிக்கு லிப்டில் கொண்டுபோக இதைவிட வசதியான மண் இல்லை. ஆனால் அதில் இரண்டு குறைகள். முதலாவது உப்பு. கடலோரத் தென்னை, உவர்நீரில் ஊறிய மட்டை என்று உப்பு எப்படியாவது ஏறிவிடுகிறது. பெரிய தொட்டியில் ஊறவைத்து, அரைநாள் விட்டு, தண்ணீரை முழுவதும் வடித்து, மறுபடியும் ஊறவையுங்கள். முதல் தண்ணீர் கோப்பிபோல இருக்கும். வெறுந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை, குறைந்தது மூன்று தடவை கழுவுங்கள். நிறமும் உப்பும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் நிறம் இறங்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடினால் உப்பும் கூடவே இறங்கியிருக்கும். கழுவியது என்று எழுதி விற்கும் கட்டியையும் நான் ஒரு தடவையாவது கழுவாமல் விடுவதில்லை.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. தும்புச்சோறு பொற்றாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விட்டுவிட்டு, கல்சியத்தையும் மகனீசியத்தையும் தன்னிடம் பிடித்துக்கொள்ளும். தும்புச்சோற்றில் வளரும் மிளகாயில் கீழ் இலைகளின் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் மாறினால் அது பெரும்பாலும் மகனீசியப் பசி. தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகினால் கல்சியம் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து டொலமைற்: கல்சியம், மகனீசியம் இரண்டும் உள்ள சுண்ணாம்புப் பாறைத் தூள். தேயிலைக்கும் தென்னைக்கும் மூட்டை மூட்டையாகப் போடுவதால் உரக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும். நமக்கு ஒரு கிலோ இரண்டு வருடத்துக்குப் போதும்.

உமிக்கரி என்று நான் சொல்வது பல் துலக்கும் பொடியை அல்ல. நெல் உமியைக் கறுக்கும்வரை கருக்கி, சாம்பலாகும் முன் தண்ணீர் தெளித்து அணைத்தது. ஒவ்வோர் உமியும் படகு வடிவம் மாறாமல் கறுப்பாக இருக்க வேண்டும். இந்தச் சின்னச் சின்னப் படகுகள்தான் மண்ணுக்குள் காற்றறைகள். எளிதில் மக்காது; இரண்டு மூன்று தடவை மண்ணை மாற்றிக் கலந்தாலும் அப்படியே இருக்கும். தொடர்மாடியில் உமி கருக்க முடியாது. முயன்றால் அடுத்த வீட்டார் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவார்கள். பத்தரமுல்லைப் பக்கத்து நாற்றுமேடைகளில் மூட்டையாகக் கேட்டு வாங்கலாம். கம்பஹா மாவட்டத்தில் சொந்தக்காரர் இருந்தால் மரந்தகஹமுல அரிசி ஆலைகளிலிருந்து பச்சை உமியை எடுத்து, அவர்கள் முற்றத்திலேயே கருக்கிக்கொண்டு வரலாம். நரைத்துச் சாம்பலான பகுதியைத் தள்ளிவிடுங்கள். அது காரத்தைக் கூட்டிவிடும். கருக்காத பச்சை உமியும் காற்றுக்கு உதவும், ஆனால் ஒளிந்திருக்கும் நெல் முளைத்து மிளகாய்ச் சாடி வயலாகிவிடும்.

இங்கே மரத்தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் மலைபோலக் குவிந்து கிடக்கும், அள்ளிப்போ என்பார்கள். அள்ளாதீர்கள். மரத்தூளில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. அதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் செடிக்கு உரிய நைதரசனையும் எடுத்துத் தின்றுவிடும். செடி மஞ்சளிக்கும். மருந்தடித்த பலகையின் தூளாக இருந்தால் இன்னும் மோசம்.

அடுத்தது கூட்டெரு. இந்தக் கலவையில் உணவு அதுதான். ஏமாற்றம் அதிகம் நடப்பதும் அதிலேதான். 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரிலேயே அதை விலக்கிக்கொண்டது நினைவிருக்கும். அடுத்த ஆண்டு, 2022 ஜூனில், வீட்டில் பயிரிடுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூடக் கிடைத்தது. அந்த அமளியில் சேதனப் பசளை என்று நான் வாங்கிய ஒரு மூட்டையில் ஷாம்பூ பாக்கெட்டின் மூலைகளும் கண்ணாடித் துண்டும் இருந்தன. விற்றவரிடம் காட்டினேன். “மண் என்றால் அப்படித்தான் ஐயா” என்றார்.

மூட்டையைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வர வேண்டும். மூக்கில் ஏறும் அமோனியா நெடியோ புளித்த வாடையோ வந்தால் இன்னும் மக்கவில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி கூட்டெருவை நனைத்து, காற்றுப் புகாத பொலித்தீன் பையில் கட்டி, மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்து முகருங்கள். முழுதாக மக்கியது நாறாது. இன்னொரு சோதனை பயறு. ஒரு கோப்பையில் கூட்டெருவையும் கழுவிய தும்புச்சோற்றையும் சரிபாதியாகக் கலந்து பத்துப் பயறு, இன்னொன்றில் வெறும் தும்புச்சோற்றில் பத்துப் பயறு. ஐந்தாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கூட்டெரு உள்ள கோப்பையில் முளை குட்டையாக, வேர் நுனி பழுப்பாக இருந்தால் மூட்டையை இன்னும் ஒரு மாதம் மூலையில் போட்டு வையுங்கள். பாதி மக்கிய சாணத்தில் இன்னொரு விருந்தாளியும் வரும்: வெண்மையாக, கேள்விக்குறிபோல வளைந்த வண்டுப்புழு. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இப்படிப்பட்ட எருக்குவியலில்தான். கூட்டெருவை அரிதட்டில் அரித்தால் இவை, கண்ணாடி, ஷாம்பூ பாக்கெட் எல்லாம் மேலே நின்றுவிடும்.

உங்களுடைய கூட்டெருவை நீங்களே செய்வது நல்லது, பல்கனியிலும் முடியும். இருபது லீற்றர் பெயின்ற் வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, ஒரு பிடி சமையல் கழிவுக்கு இரண்டு பிடி காய்ந்த இலை அல்லது தும்புச்சோறு என்று அடுக்கிக்கொண்டு வாருங்கள். தும்புச்சோறு மேலே மூடியிருக்கும்வரை வாடை எழும்பாது. வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் வாளி பாதியாக இறங்கிக் கறுத்திருக்கும். தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், மரக்கறிக் கழிவு, முட்டைக்கோது எல்லாம் போகலாம். சோறு, கறி, மீன் முள், பிழிந்த தேங்காய்ப்பூ வேண்டாம். மூன்றாம் மாடிக்கும் எலி படியேறி வரும். கோயிலில் கொடுத்த மாலையைப் போடுவதானால் முதலில் நைலோன் நூலை உருவி எடுங்கள்.

மேல்மண் ஒரே ஒரு பங்கு போதும். அது இல்லாமலும் செடி வளரும், ஆனால் கொஞ்சம் களி இருந்தால்தான் சத்தைப் பிடித்து வைக்கும். வெறும் தும்புச்சோற்றுக் கலவையில் ஒவ்வொரு மழையும் சத்தைக் கழுவிக்கொண்டு போகும். கொழும்பைச் சுற்றியுள்ள மண் கபுக்கல் என்னும் செம்பாறையில் இருந்து வந்த சிவந்த, அமிலம் கூடிய மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபரசைக் கட்டிப்போட்டுவிடும். நீர்வேலியில் யாராவது சாம்பல் அள்ளிப் போட்டால் அப்பா முறைப்பார்; அந்தச் சுண்ணாம்பு நிலத்துக்கு அது தேவையில்லை. இங்கே ஒரு பிடி விறகுச் சாம்பல் நல்லது செய்யும். கட்டடம் இடித்த காணியில் மண் எடுக்காதீர்கள். சீமெந்துத் தூள் கலந்திருக்கும். தக்காளி, கத்தரி வாடிச் செத்த பாத்தியிலிருந்தும் வேண்டாம். மாசியில் அல்லது பங்குனியில், வெயில் கொளுத்தும் நாட்களில், நனைத்த மண்ணைக் கண்ணாடிபோன்ற பொலித்தீனில் மூடி மொட்டைமாடியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால் களை விதையும் கெட்ட கிருமியும் பெருமளவு அடங்கும்.

மணல் விருப்பம்போல. பருமணல் என்றால் அரைப் பங்கு சேர்க்கலாம். ஆனால் எடை ஏறும். தோட்டமண் நிரப்பிய 15 லீற்றர் சாடி நனைந்தால் 25 கிலோவைத் தொடும்; நான் சொல்லும் கலவை 15 கிலோவுக்குள் நிற்கும். பல்கனியில் இருபது சாடி வைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. வெள்ளவத்தைக் கடற்கரை காலடியில்தான் இருக்கிறது, ஆனால் அந்த மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கின்றன. வேண்டாம்.

இனி விகிதம். பத்து லீற்றர் வாளியால் அளக்கிறேன்: கழுவிப் பிழிந்த தும்புச்சோறு இரண்டு, அரித்த கூட்டெரு இரண்டு, மேல்மண் ஒன்று, உமிக்கரி ஒன்று. ஆறு வாளியும் சேர்ந்தால் அறுபது லீற்றர் வராது. ஒன்றின் இடைவெளியில் மற்றது புகுந்து ஐம்பதுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இதற்கு வேப்பம் பிண்ணாக்குத் தூள் 250 கிராம், எலும்புத் தூள் 200 கிராம், டொலமைற் 100 கிராம். விறகுச் சாம்பல் போடுவதானால் டொலமைற்றைப் பாதியாக்குங்கள். இரண்டையும் அள்ளிக் கொட்டினால் மண் காரமாகி, புதுத் தளிர் வெளிறிப்போகும்; இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. மண்ணின் அமில, கார அளவான பி.எச். மரக்கறிக்கு 6 முதல் 6.8 வரை இருப்பது நல்லது.

கிழிந்த உரப்பை ஒன்றைத் தரையில் விரித்து, தூள்களை முதலில் உமிக்கரியோடு கலந்து, பிறகு மற்றவற்றோடு சேருங்கள். இல்லாவிட்டால் பிண்ணாக்கு ஒரே இடத்தில் கட்டியாக நிற்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டே புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். கையைத் திறந்தால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும். பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களிபோல அமுங்கினால் உமிக்கரி போதவில்லை. சொட்டே வராமல் உடனே உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை.

பிறகு மூட்டையாகக் கட்டி, வாயைச் சற்றுத் திறந்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். இதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். பிண்ணாக்கு மக்கத் தொடங்கும்போது மூட்டைக்குள் கைவைத்தால் இளஞ்சூடு தெரியும். அந்தச் சூட்டிலும் அப்போது எழும் அமோனியாவிலும் இளம் வேர் கருகும். சூடு ஆறி, மண்வாசனை வந்தபின் நடலாம்.

நட்ட பிறகு ஒரு சோதனை. சாடியின் மேல் ஒரு லீற்றர் தண்ணீரை ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் மேலே தேங்கியது உள்ளே இறங்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டியும் குளமாக நின்றால் வைகாசி மழைக்கு முன் அதைக் கலைத்து இன்னும் உமிக்கரி சேருங்கள்.

மண்ணில் சேர்க்கும் மற்ற ஈடுபொருட்களைப் பற்றி நிறையக் கேள்வி வருகிறது. என் கருத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முட்டைக்கோது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. நொறுக்கிப் போட்டது ஒரு வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும். காயவைத்து மிக்சியில் மாவாக்கினால் மட்டும் பயன். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை விட அந்தத் தோல் கூட்டெரு வாளிக்குப் போவதே மேல். தேயிலைச் சக்கையைச் சாடியின் மேலே பரப்பாதீர்கள்; காய்ந்து தகடாகும், பூஞ்சணம் பிடிக்கும், கொசுபோன்ற சின்ன ஈக்கள் வரும். தேங்காய்ப் பிண்ணாக்கு மாட்டுக்கே இருக்கட்டும், எறும்புப்படை அதன் வாசனைக்கே வந்துவிடும். (இலங்கை ஆங்கிலத்தில் ‘பூனக்’ என்று எழுதுவது நம் பிண்ணாக்கைத்தான்.) எப்பாவலையில் 1971இல் கண்டுபிடித்த பொசுபேற்றுப் பாறையின் தூள் தென்னைக்கும் பழமரத்துக்கும் ஏற்றது, ஆனால் மெதுவாகக் கரைவது, சில மாதங்களில் முடிந்துபோகும் மிளகாய்ச் செடி அதன் பலனைக் காணாது. கறிவேப்பிலை, எலுமிச்சைச் சாடிகளுக்கு ஒரு கரண்டி போடலாம்.

நான் உயர்வாக மதிக்கும் ஈடுபொருள் காசில்லாமல் கிடைப்பது: சீமைக்கிளுவை இலை. கிளிசரிடியா என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசே அறிவித்த மரம் அது. புறநகரில் வேலியெல்லாம் அதுதான். இலையில் நைதரசன் அதிகம், சீக்கிரம் மக்கும். நறுக்கிக் கூட்டெரு வாளியில் இரண்டு அடுக்குப் போட்டால் வாளி சூடாகி வேகமாக மக்கும். ஊறவைத்துத் திரவ உரமாக்குபவர்களும் உண்டு. பத்து நாள் ஊறிய அந்த வாளியைத் தொடர்மாடியில் திறந்தால் வீட்டுக்காரர் சங்கம் கூட்டம் வைக்கும். மீன் கழிவும் சர்க்கரையும் ஊறவைக்கும் கரைசலுக்கும் இதே கதை.

கலவையில் போட்டது ஆறு, எட்டு வாரம் தாங்கும். மிளகாய் பூக்கத் தொடங்கியதும் மாதம் ஒருமுறை ஒரு பிடி கூட்டெருவும் ஒரு தேக்கரண்டி வேப்பம் பிண்ணாக்கும் மேலே தூவி, விரலால் கிளறிவிடுங்கள். அவ்வளவே. பசளி, கங்குன், வல்லாரை போன்ற ஈரம் விரும்பும் கீரைக்கு உமிக்கரியைப் பாதியாக்கிக் கூட்டெருவைக் கூட்டலாம். கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் எதிர்மாறு.

தண்ணீர் விடுவதில் தும்புச்சோறு ஏமாற்றும். மேலே காய்ந்து வெளுத்திருக்கும். இரண்டு விரற்கணு ஆழத்தில் சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும். கண்ணை நம்பாமல் விரலை விட்டுப் பாருங்கள். நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால், காற்று கடுமையான நாட்களுக்குப் பிறகு இலையையும் மண்ணையும் நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள், உப்புப் படியும். சாடிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள். அந்தத் தட்டில் தேங்கும் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் உங்கள் மிளகாயைப் பார்க்கமாட்டார், தட்டைத்தான் பார்ப்பார்.

ஒரு பயிர் முடிந்ததும் மண்ணைக் கொட்டாதீர்கள். ஆறு, எட்டு மாதத்தில் அது கால்வாசி இறங்கியிருக்கும். வேரை உதறி எடுத்து, இறங்கிய அளவுக்குக் கூட்டெருவும் இரண்டு பிடி உமிக்கரியும் சேர்த்து, மிளகாய் நின்ற மண்ணில் கீரையோ பயற்றங்காயோ போடுங்கள். ஒரே ஒரு விலக்கு. தக்காளியோ கத்தரியோ பச்சையாக இருந்தபடியே திடீரென வாடினால், தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி அசையாமல் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல்போல ஒன்று கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்த மண்ணை மற்றச் சாடிகளுக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. கட்டி அப்புறப்படுத்துங்கள், சாடியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

இப்போது உங்கள் மிளகாய்க் கன்றுகள். ஒன்றைச் சாடியிலிருந்து மெதுவாகத் தட்டி எடுத்து வேரைப் பாருங்கள். வெண்மையாக இருந்தால் பசிதான்; புதுக் கலவைக்கு மாற்றினால் மூன்று வாரத்தில் பச்சை பிடிக்கும். பழுப்பாகி நாறினால் அழுகிய வேரை வெட்டி, இலையில் பாதியைக் கிள்ளி, சின்னச் சாடியில் நிழலில் வையுங்கள். பிழைத்தால் பிழைக்கட்டும்.

இறுகிப்போன அந்த மூட்டை மண்ணை எறிய வேண்டாம். பழைய பத்திரிகையில் கொட்டி, உடைத்து, அரிதட்டில் அரித்து, என் விகிதத்தில் மேல்மண்ணுக்கு உரிய ஒரு பங்காகச் சேருங்கள். அதற்குத் தேவையான களி அதில் இருக்கிறது. அரிக்கும்போது தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்ன அந்தக் கண்ணாடித் துண்டை என் கண் கண்டுபிடிக்கவில்லை, வலது பெருவிரல்தான் கண்டுபிடித்தது.